பாதிக் குளம் பிரான்சு

ஒரு குளத்தின் பாதித் தண்ணீர் பிரான்சுக்கும் மீதித் தண்ணீர் இந்தியாவுக்கும் சொந்தம் என்று நான் ஒரு காலத்தில் மனப்பூர்வமாக நம்பினேன். சும்மா பேச்சுக்கு நம்பவில்லை. இந்தக் கரையில் நிற்பது பிரெஞ்சுக் கொக்கு, அது பறந்துபோய் அந்தக் கரையில் உட்கார்ந்துவிட்டால் பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிய குற்றவாளிக் கொக்கு என்கிற அளவுக்கு நம்பினேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. (புது மாப்பிள்ளையிடம் யார் எதைச் சொன்னாலும் நம்புவான் என்பது என் தரப்பு வாதம். என் மனைவி இந்த வாதத்தை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.)

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுற்றிலும் இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்துவிட்டார்கள். நடுவில் காரைக்கால் மட்டும் இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஊரை விட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு சுங்கச் சாவடி வந்து குறுக்கே நிற்கும். காரைக்காலில் சீமைச் சாமான் மலிவு. கைக்கடிகாரம், பேனா, வாசனைத் தைலம், பட்டுத்துணி எல்லாம் இங்கே கிடைக்கும்; அந்தப் பக்கம் கொண்டுபோனால் குற்றம். அதனால் சாவடிக்காரர்கள் ஒரு மனிதனின் முகத்தைப் பார்க்கும் முன் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். அப்புறம் மடியைத் தடவுவார்கள். ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பூசணிக்காய்க்குள் பேனா போயிருக்கிறது. கொண்டைக்குள் கடிகாரம் போயிருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சாவடியைத் தாண்டியதும் எட்டு முழம் பட்டுத்துணியைப் பெற்றெடுத்தாள் என்றும் ஒரு கதை உண்டு.

எனக்கு இந்தத் துணிச்சலெல்லாம் கிடையாது. நான் ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா. சாவடியில் யாராவது தும்மினாலே இரண்டு கையையும் தூக்கிவிடுகிற சுபாவம். எங்கள் முதலாளி மரைக்காயர் சைகோன் வரை கப்பலேறிப் போய் வியாபாரம் செய்தவர். நான் மனைவியின் ஊருக்கு மறுவீடு கிளம்பிய அன்று என்னைக் கூப்பிட்டு, தன் கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். வெள்ளை முகம், பொன்னிற விளிம்பு, கன்றுத்தோல் வார். கட்டியதும் என் கை எனக்கே அந்நியமாகப் போய்விட்டது.

"பொண்ணு வூட்டுக்குப் போறீங்க தம்பி, மொட்டைக் கையோட போவாதீங்க," என்றார். "ஆனா ஒண்ணு. சைகோன்ல வாங்குனது. என் மௌத்து வரைக்கும் இந்தக் கையில கெடக்கணும்னு நெனச்ச சாமான். எல்லையத் தாண்டிடாதீங்க. புடிச்சானுவன்னா கடிகாரமும் போயிரும், நீங்களும் போயிருவீங்க. கடிகாரம் போனா நான் தாங்க மாட்டேன்."

(நான் போனால் என்ன ஆவார் என்று சொல்லவில்லை.)

என் மனைவியின் ஊர் சுரக்குடிக்கு மேற்கே, எல்லையை ஒட்டிய சிற்றூர். பெயர் வேண்டாம், அந்த ஊருக்கு நான் இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது. ஊர் பிரெஞ்சு எல்லைக்குள்தான் இருந்தது. ஆகவே கடிகாரத்துக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு. தாலி கட்டிய நாளிலிருந்து என் மனைவி பாக்கியம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. வீடு நிறைய உறவுக்காரர்கள், வெட்கம். நான் ஏதாவது கேட்டால் தலை ஆடும். மேலும் கீழும் ஆடினால் ஆமாம். பக்கவாட்டில் ஆடினால் இல்லை. சில சமயம் இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரி ஆடும். அதற்கு என்ன அர்த்தம் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

மறுவீடு போன மறுநாள் விடிகாலையில் மச்சான் ஆறுமுகம் வந்து எழுப்பினான். பாக்கியத்தின் அண்ணன், என் வயதுதான். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு, வெளியே வரலாமா என்று காத்துக்கொண்டு நிற்கும்.

"மாப்ள, எந்திரிங்க. குளத்தச் சுத்திட்டு வந்துதான் இலையில ஒக்காரணும்."

"எதுக்கு மச்சான்?"

"எங்க ஊர்த் தண்ணிய முழுசாப் பாக்காதவனுக்கு எங்க ஊர்ச் சோத்தப் போட மாட்டோம். அதான் மொறை. பயப்படாதீங்க, சின்னக் குளந்தான். வெத்தலை ஒருதரம் போட்டுத் துப்புறதுக்குள்ள சுத்திடலாம்."

அந்த முறையில் இன்னொரு பாதியும் உண்டு. அதை அவன் சொல்லவில்லை. என் மாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். பாதிக் குளம் வரைதான் மச்சான் துணைக்கு வருவானாம். வளைந்த மரம் ஒன்று இருக்கிறதாம். அங்கே அவன் நின்றுகொள்வானாம். மீதிப் பாதியைப் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகச் சுற்றி வர வேண்டுமாம். உறவுக்கூட்டத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் புதுத் தம்பதிக்கு இப்படியொரு பாதிக் குளத்தைத் தனியாக ஒதுக்கிவைத்த அந்த ஊர் முன்னோர் யாரோ, அவர் காலில் விழலாம் என்று தோன்றியது. பட்டு வேட்டி கட்டி, ஜிப்பா மாட்டி, கடிகாரத்தைத் துடைத்துக் கட்டிக்கொண்டேன். பாக்கியத்திடம் கேட்பதற்கு ஒரு கேள்வியைத் தயார் செய்தேன். தலையாட்டி முடித்துவிடாத கேள்வியாக இருக்க வேண்டும் என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் நான் கண்டுபிடித்த கேள்வி இது: "இந்தக் குளத்தில் மீன் உண்டா?"

(ஆமாம், இதற்கும் தலையாட்டினாலே போதும். அது எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.)

ஆறுமுகம் முன்னால் நடக்க, பாக்கியம் பின்னால் வர, ஊர்க் கோடியில் ஒரு வாய்க்காலைத் தாண்டியதும் திடீரென்று வெளிச்சம் குறைந்தது. காடு என்றால் காட்டில் வாழ்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. இலுப்பை, நாவல், புன்னை எல்லாம் யாரும் நட்டது மாதிரித் தெரியாமல், தாமாகவே கூடி நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தன. காலுக்குக் கீழே சருகு மெத்தென்று அமுங்கியது. என் புதுச் செருப்பு கீச்சிட்டது. அந்த இடத்தில் அந்தச் சத்தம் எனக்கே மரியாதைக் குறைவாகப் பட்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஏன் மாப்ள, கோயிலா இது?" என்று சிரித்தான் ஆறுமுகம்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மரங்கள் விலகிக் குளம் தெரிந்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

குளம் சிவப்பாக இருந்தது.

கரையைச் சுற்றித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றவை நீர்க்கடம்பு மரங்கள். வைகாசி அவற்றுக்குப் பூக்கும் காலம். கொத்துக் கொத்தாக இல்லை, சரம் சரமாகத் தொங்கின. பெண்பிள்ளைகள் சடையில் குஞ்சலம் தொங்குமே, அப்படி. இரவில் மலர்ந்து விடிந்ததும் உதிர்ந்துவிடுகிற பூ அது. நாங்கள் போனது உதிர்கிற நேரம். காற்றே இல்லை. ஆனாலும் மேலேயிருந்து ஒவ்வொன்றாக, யாருக்கும் அவசரமில்லாமல், சுழன்று சுழன்று வந்து தண்ணீரில் உட்கார்ந்தன. தண்ணீர் தெரியவே இல்லை. இந்தக் கரை தொடங்கி அந்தக் கரை வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அது மெல்ல மூச்சும் விட்டது.

நான் கடலைப் பார்த்து வளர்ந்தவன். கடல் பெரிதுதான், சந்தேகமில்லை. ஆனால் கடல் நம்மைப் பொருட்படுத்தாது; சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் குளம் அப்படியில்லை. நான் வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திய மாதிரி இருந்தது. ஜவுளிக்கடையில் தினம் ஆயிரம் சிவப்பை விரித்துக் காட்டுகிறவன் நான். அரக்கு, குங்குமம், மாதுளை, கனகாம்பரம் என்று பேர் சொல்லி விற்பேன். இந்தச் சிவப்புக்கு என்னிடம் பேர் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பாக்கியம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய் பிளந்து நின்றதில் அவளுக்கு ஏதோ திருப்தி. தன் வீட்டு நகையை ஒருவர் மெச்சினால் பெண்களுக்கு வருமே, அந்தத் திருப்தி. இன்னும் கொஞ்ச தூரந்தான், வளைந்த மரம் வந்துவிடும், பேசிவிடுவாள் என்று தோன்றியது.

மரம் வந்தது. ஒரு கிழட்டுப் புன்னை, தண்ணீரைக் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி வளைந்திருந்தது. ஆறுமுகம் அதன் தண்டில் ஏறி உட்கார்ந்து இடுப்பிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்தான்.

"நான் இத்தோட நின்னுக்குறேன் மாப்ள. நீங்க போங்க." குச்சியைக் கடித்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னான்: "இந்த மரத்தோட பிரான்சும் முடிஞ்சுது."

"என்னது?"

"அந்தாண்ட இந்தியா. குளத்துல பாதி நம்மளது, பாதி அவுங்களது. உங்களுக்குத் தெரியாதா?"

என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டை மூடிக்கொண்டது. அவன் அதைப் பார்த்தான். முகத்தில் காத்துக்கொண்டிருந்த சிரிப்பு ஒரு அடி முன்னால் வந்தது.

"சாவடி..." என்றேன்.

"சாவடி ரோட்டுலதான். இங்க எப்பவாச்சும் ரோந்து வருவானுவ. விடிகாலையில எவன் வரப்போறான்? தைரியமா நடங்க."

இவனிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற எளிய யோசனை எந்த மனிதனுக்கும் அந்த இடத்தில் வந்திருக்கும். எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு வந்தது. அன்று நான் யோசித்ததெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்பதுதான். ஆனால் நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாக்கியம் அந்த மரத்தைத் தாண்டி நடந்துவிட்டிருந்தாள். சர்வ சாதாரணமாக, தலைகுனிந்தபடி, இந்தியாவுக்குள் போய்விட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிய மனைவி தன்னந்தனியாக வேறு தேசத்தில் நிற்கிறாள். புருஷன் எல்லையில் நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அவள் என்ன நினைப்பாள்? வலது காலை எடுத்து வைத்தேன். (நல்ல காரியத்துக்கு வலது கால்தானே.)

இந்தியாவில் நிழல் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. சத்தியமாக அப்படித்தான் பட்டது. மரங்களுக்குக் கண் இருந்தது. ஒரு மீன்கொத்தி என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு பறந்தது. தகவல் சொல்லப் போகிறது என்று நினைத்தேன். பாக்கியம் பக்கத்தில் நடந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து உதட்டைப் பிரித்தாள். பேசப்போகிறாள்! அந்த ஒரு நொடிக்காகத்தானே நான் தேசம் விட்டுத் தேசம் வந்திருக்கிறேன்!

அப்போதுதான் காக்கியைப் பார்த்தேன்.

முன்னால் ஒரு நாவல் மரத்தடியில் ஓர் ஆள் நின்றிருந்தார். காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, இடுப்பில் பெல்ட். அசையாமல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எங்களைக் கவனிக்கவில்லை. அடுத்து நான் செய்ததை விவரிப்பதற்கு முன், என் அப்போதைய அறிவின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டை முதலில் பார்ப்பார்கள். அடுத்து மடியைத் தடவுவார்கள். கொண்டை என்னிடம் இல்லை. பூசணிக்காயும் இல்லை. கடிகாரத்தைக் கழற்றினேன், வாயில் போட்டுக்கொண்டேன்.

தோல் வாரோடு ஒரு கைக்கடிகாரம் ஒரு சராசரி வாய்க்குள் அடங்கும் என்பது என் சொந்த அனுபவம். மடித்துப் போட வேண்டும். கன்றுத்தோல் உப்புக்கரிக்கும். இன்னொன்று, கடிகாரம் வாய்க்குள் இருந்தால் அதன் சத்தம் வெளியே கேட்காது. ஆனால் மண்டைக்குள் கொல்லன் பட்டறை மாதிரி கேட்கும். டிக் டிக் என்று என் மூளையிலேயே யாரோ ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியம் பிரித்த உதட்டை மூடிக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியாது. தலையை ஆட்டினேன். மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் ஆட்டுவாளே, அந்த மாதிரி.

காக்கிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நில்!

நின்றேன். மூச்சையும் சேர்த்து நிறுத்தினேன்.

ஒரு விரலை உதட்டில் வைத்தார். பேசாதே! (பேசவா முடியும்!) பிறகு அந்த விரலை மெதுவாகக் குளத்தின் பக்கம் நீட்டினார்.

நாணலுக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. கறுப்பு, வழவழப்பு, மீசை வைத்த தலை. நீர்நாய். தண்ணீரில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதன் பின்னால் குட்டிகள், மூன்றோ நாலோ, ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி. சத்தமே இல்லை. அந்தச் சிவப்புப் பூப்பரப்பைக் கிழித்துக்கொண்டு தாய் போக, பின்னால் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. குட்டிகள் போன பிறகு பூக்கள் தாமே அசைந்து வந்து அந்தக் கோட்டை மூடிக்கொண்டன. கடைசிக் குட்டி நடுக்குளத்தில் நின்று, முங்கி எழுந்தது. அதன் தலையில் ஒரு சரம் பூ. அது தெரியாமல் தாயைத் தேடிக் கீச்சென்று கத்தியது. தாய் திரும்பி வந்து அந்தப் பூவை மூக்கால் தட்டிவிட்டது.

சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சாவடி மறந்துவிட்டது, முதலாளி மறந்துவிட்டார், வாயில் கடிகாரம் இருப்பதும் மறந்துவிட்டது. மண்டைக்குள் கேட்ட டிக் டிக் சத்தம் அந்தக் குளத்தினுடையது என்றுதான் நினைத்தேன். பாக்கியம் என் ஜிப்பாவின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது. அந்தக் காக்கிக்காரரும் வாய் பிளந்துதான் நின்றார். மூன்று பேரும் ஒரே மாதிரி நின்றோம். என் வாய் மட்டும்தான் மூடியிருந்தது.

நீர்நாய்கள் அந்தப் பக்க நாணலுக்குள் மறைந்தன. குளம் பழையபடி சிவப்பாகக் கிடந்தது.

காக்கிக்காரர் எங்களை நோக்கி நடந்து வந்தார். பாதையில் சருகு நொறுங்கியது. எங்கே நீர்நாய்கள் கலைந்துவிடுமோ என்று அப்போதும் பேசாமல், என் முகத்தைப் பார்த்தபடி தன் இடது மணிக்கட்டை வலது விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

முடிந்தது கதை. தூரத்திலேயே என் கையில் மின்னியதைப் பார்த்திருக்கிறார். கடிகாரத்தை எடு என்கிறார். இவ்வளவு நேரம் நீர்நாயைக் காட்டியது தூக்குக்கயிற்றுக்கு முன் கேட்பார்களே, கடைசி ஆசை, அந்தக் கணக்கு!

அப்போது என் அறிவு மறுபடி வேலை செய்தது. பாதிக் குளம் பிரான்சு. கரையைச் சுற்றி ஓடினால் பிடித்துவிடுவார். குறுக்கே போனால்? நடுக்குளத்தை எட்டிவிட்டால் நான் பிரெஞ்சுப் பிரஜை! என் நிழலைக்கூட இவரால் தொட முடியாது! வேட்டியை மடித்துக் கட்டினேன். கையிலிருந்த செருப்பை எறிந்தேன். பிரான்சை நோக்கிப் பாய்ந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது என்பது தண்ணீர் பட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முங்கினேன். எழுந்தேன். மறுபடி முங்கினேன். கண், காது, மூக்கு எங்கும் பூ. கையையும் காலையும் உதைத்த உதையில் அந்த அழகான கம்பளம் சுக்குநூறாகக் கிழிந்தது. காப்பாற்றுங்கள் என்று கத்தவும் வழியில்லை, வாயைத் திறந்தால் சைகோன் கடிகாரம் சேற்றுக்குப் போய்விடும். சாகிறவன் கடைசி நேரத்தில் குழந்தைப் பருவத்தைப் பார்ப்பான் என்பார்கள். நான் மரைக்காயர் முகத்தைப் பார்த்தேன்.

அப்போது கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவான குரல். துளிப் பதற்றம் இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, இறக்குங்கள் என்று சொல்கிற மாதிரி.

"அங்க ஆழமில்லீங்க. எந்திரிச்சு நில்லுங்க."

அதுதான் என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எழுந்து நின்றேன். கோடைக்குளம், தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. தலையில், தோளில், காதில் சிவப்புச் சரங்கள் தொங்க, ஏதோ கரகாட்டத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி நின்றேன். அவள் குரலைக் கேட்ட மலைப்பில் வாய் தானாகத் திறந்தது. கடிகாரம் நழுவியது. நல்லவேளை, வாரின் ஒரு நுனி பல்லில் மாட்டிக்கொண்டது. கடிகாரம் என் மோவாய்க்குக் கீழே தொங்கி ஆடியது.

காக்கிக்காரர் தண்ணீருக்குள் இறங்கி வந்தார். எனக்கு முன்னால் குனிந்தார். ஆடிய கடிகாரத்தை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தி, தலையைச் சாய்த்து, அதன் முகத்தைப் படித்தார்.

"ஏழாகப் போவுதே!" என்று அலறினார். "ஏட்டையா வந்துருவாரே!"

தெற்கத்திப் பேச்சு. கரையேறி இரண்டு எட்டு ஓடியவர் நின்று திரும்பினார். பதற்றத்தையும் மீறி அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"பாத்தியளா ஐயா? அந்தக் கடைசிக் குட்டியப் பாத்தியளா? எங்க ஊருல குடிக்கவே தண்ணி கெடையாது. இங்கன பாத்தா, பூவுக்குள்ள போட்டு வெளையாடுதுவோ!" என்றார். "மணி சொன்னதுக்கு ரொம்ப உவகாரம்," என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓட்டமாக ஓடி மறைந்தார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என்னைச் சுற்றிப் பூக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தன. பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். முந்தானையை எடுத்தாள். சிரித்தாள். அந்தக் குளத்துக்கு நான் வாய் பிளந்தேனே, அதைவிட ஒரு பங்கு அதிகமாக இப்போது பிளந்தேன். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கரையேறிப் பிழிந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: "காலையிலேர்ந்தே என்னமோ கேக்க வர்ற மாதிரி இருந்தீங்களே?"

"இந்தக் குளத்துல மீன் உண்டா?" என்றேன்.

"இருக்கு," என்றாள். "ஒண்ணு இப்பத்தான் கரையேறிச்சு."

மீதிக் குளத்தை நாங்கள் சுற்றிய வேகத்துக்கு ஆமை எங்களை முந்தியிருக்கும். அவள் பேசினாள், நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தபோது ஆறுமுகம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். இலை போட்டிருந்தது. என் கோலத்தைப் பார்த்து என் மாமியார், "தண்ணியப் பாத்துட்டு வரச் சொன்னா, குடிச்சுட்டே வந்துட்டாரா?" என்றார்.

காரைக்காலில் மரைக்காயர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். "ஓடுது தம்பி, அல்லா காப்பாத்துனான். ஆனா வாரு ஏன் இப்புடி ஊறிப்போய்க் கெடக்கு?"

"வேர்வை முதலாளி."

"பொண்ணு வூட்டுல அவ்வளவு வேலை வாங்கிட்டாங்களா?" என்று பரிதாபப்பட்டார்.

இதெல்லாம் நடந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. கடையை விட்டு நான் தனியாகத் தொழில் தொடங்கி முதல் மாதமே கையைச் சுட்டுக்கொண்டு வந்தபோதும், மூத்தவளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதும், பாக்கியம் அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்: "ஆழமில்லீங்க. எந்திரிச்சு நில்லுங்க." அவள் சொன்னால் எழுந்து நின்றுவிடுவேன். பெரும்பாலும் முழங்காலளவுதான் இருக்கும். என் பிள்ளைகளுக்கு வேறு விதமான விளையாட்டு. வீட்டுக்கு வரும் விருந்தாளி மணி என்ன என்று கேட்டுவிட்டால் போதும், மூவரும் ஓடிவந்து என் வாயைத் திறந்து பார்ப்பார்கள்.

ஆறுமுகம் அன்று இலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னான். அந்த ஊரில் எந்தப் புது மாப்பிள்ளை வந்தாலும் வளைந்த மரத்தடியில் அந்தப் புளுகைச் சொல்லுவார்களாம். சொல்லி, அவன் முகம் போகிற போக்கைப் பார்ப்பார்களாம். குளத்தில் குதித்தவன் நான் ஒருவன்தானாம். எல்லைக்கல் குளத்திலிருந்து இரண்டு வயல் தள்ளி, ஒரு பனைமரத்தடியில் இருந்தது. நானே பிறகு போய்ப் பார்த்தேன். குளம் முழுவதும், மரமும் பூவும் நீர்நாயும் உட்பட, எங்கள் பக்கம். அன்று காலை பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டி வந்து நின்றவர் அந்தக் காக்கிக்காரர்தான். அவர் என்னிடம் கேட்டது மணி.